கோழிப் புத்தகத்தில் கொலைகாரன்

ஏழு மாதங்களாகப் பூட்டிக் கிடந்த வட்டார நூலகம் வரும் திங்கட்கிழமை திறக்கப்படும் என்ற செய்தி கைப்பேசியில் வந்து விழுந்தபோது, தையல்காரியின் உதடுகளுக்கிடையே நான்கு குண்டூசிகள் இருந்தன. முதலில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்; பிறகுதான் கத்தினாள். இருபது ஆண்டுத் தொழில் பழக்கிய ஒழுங்கு அது.

“மாமா! டீச்சர்! லைப்ரரி திறக்கிறாங்க! திங்கக்கிழமை!”

ஜன்னலோரத்தில் மடிக்கணினிக்கு முன்னால் அமர்ந்து பின்னங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாத்தனார், திரும்பி, விரலை உதட்டில் வைத்தாள். “அண்ணி, கிளாஸ் ஓடுது. முப்பத்திரண்டு பிள்ளைங்களும் கேட்டுடுச்சு.” அடுத்த நொடியே, தான் ஆசிரியை என்பதை மறந்து, “நெஜமாவா?” என்று அவளும் கத்தினாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் அதையும் கேட்டன.

நீதிமன்றத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், எதையும் முழுதாகப் படிக்காமல் நம்பமாட்டார். மருமகளின் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, அறிவிப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை உரக்க வாசித்தார். தொற்று முற்றிலும் தணியாததால் நூலகம் படிப்படியாகத்தான் திறக்கப்படும். முதல் கட்டமாக, திங்கள் முதல், வெளியே இருக்கும் புத்தகங்களைத் திருப்பித் தரலாம். தருவதற்கு மட்டுமே அனுமதி. வந்த புத்தகங்கள் மூன்று நாள் பெட்டியில் தனித்து வைக்கப்படும். வியாழன் முதல், தொலைபேசியில் சொல்லிவைத்த புத்தகத்தை வாசல் கவுண்டரில் பெற்றுக்கொள்ளலாம். உட்கார்ந்து படிப்பது பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்.

“வாங்கிப் போட்டுக்குவாங்க, குடுக்க மாட்டாங்களா? இது லைப்ரரியா, உண்டியலா?” என்றாள் நாத்தனார்.

“வாங்கட்டும். வாங்கறதே நமக்குப் போதும்,” என்றாள் தையல்காரி. அந்த வீட்டின் ஒரே நல்ல ஜன்னல் இனி யாருக்கு என்பதை, நூலகத்திற்குத் திரும்பி வரவேண்டிய ஒரு புத்தகம்தான் முடிவுசெய்யவிருந்தது.

வீட்டில் ஜன்னல்கள் நான்கு. மூன்று, பக்கத்து வீட்டுச் சுவரை முகத்துக்கு நேராகப் பார்ப்பவை. ஒன்றுதான் தெருவைப் பார்த்துத் திறக்கும். தையற்கடை மூடப்பட்ட பிறகு, மருத்துவமனை ஊழியர்களுக்கான சீருடைகளைத் தையல்காரி வீட்டிலேயே தைத்துவந்தாள். கருநீலத் துணியில் கருநீல நூலை ஓட்டுவதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், விளக்கு உதவாது. பள்ளி மூடப்பட்ட பிறகு நாத்தனாரும் வீட்டிலிருந்தே பாடம் நடத்தினாள். இணையத் தொடர்பு அந்த ஜன்னலோரத்தில்தான் அறுபடாமல் வரும். இரண்டடி உள்ளே நகர்ந்தால் பிள்ளைகளுக்கு அவள் வாய் மட்டும் அசையும், பாடம் போய்ச் சேராது. ஆக, நாள்தோறும் தையல் இயந்திரம் ஒருமுறை தள்ளப்படும், மேசை ஒருமுறை இழுக்கப்படும், தரையில் புதிதாக ஒரு கீறல் விழும். சரக்கு லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பான். அந்த மூன்று நாளும் தூங்குவான். வழக்கைத் தீர்க்க அவனை நம்புவதற்கில்லை.

சண்டை இல்லாத நேரம் ஒன்றே ஒன்று: மாலை நான்கு மணி. நூலகம் மூடுவதற்கு முந்தைய நாள் எடுத்துவந்த துப்பறியும் நாவலை, மூவரும் தேநீரோடு அமர்ந்து, ஆளுக்குப் பத்துப் பக்கமாக உரக்க வாசிப்பார்கள். மலைமேல் ஒரு மாளிகை. இறந்து கிடக்கும் ஒரு முதலாளி. ஓர் அறையில் ஐந்து பேர். இறந்தவரின் கோட்டில் இருந்த ஒரு தையலைச் சாட்சி காட்டி, டாக்டர்தான் கொலைகாரர் என்றாள் தையல்காரி. இளைய மனைவி என்றாள் நாத்தனார். வாய்ச்சண்டை வளர்ந்து, ஜன்னலோடு போய் முடிச்சுப் போட்டுக்கொண்டது. சரியாகச் சொன்னவளுக்குப் பள்ளி திறக்கும்வரை ஜன்னல். இருவருமே சரி, அல்லது இருவருமே தவறு என்றால் ஆளுக்குப் பாதி நாள். விடைகள் எழுதி மடிக்கப்பட்டு, மாமனாரின் தகர டப்பாவுக்குள் போயின.

மாமனார் சட்டம் வகுத்தார். “தீர்ப்பு வாசிக்கிற வரைக்கும் மனுவைத் திருத்தலாம். ஆனா புத்தகத்துக்கு வெளியில கிடைச்ச சாட்சியம் செல்லாது. யாராவது முடிவைக் காதால கேட்டா, உடனே என்கிட்ட சொல்லிடணும். புரிஞ்சுதா?”

இருவருக்கும் புரிந்தது. ஆனால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இன்ஸ்பெக்டர் கதவைத் தாழிட்டு, “இந்த அறையில் இருக்கும் ஐந்து பேரில் கொலைகாரர்” என்றார். பக்கத்தைத் திருப்பிய நாத்தனார், அதே வேகத்தில், “குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தால், இடம் போதாமல் அல்ல, வெப்பம் போதாமல் என்று அறிக,” என்று வாசித்துவிட்டு, வாயைத் திறந்தபடியே நின்றாள்.

அங்கிருந்து பின்னட்டைவரை இருந்த பதினாறு பக்கமும் கோழிதான். மேல் ஓரத்தில் ‘வீட்டில் கோழி வளர்ப்பு’ என்றும், எண் நூற்று நாற்பத்தைந்து என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. மற்றவர்கள் புத்தகத்தைத் திட்டினார்கள். தையல்காரி அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புத் துணி அட்டை. உள்ளே பதினாறு பதினாறு பக்கமாக மடித்துக் கோத்த கட்டுகள். கடைசிவரை ஒரே நூல், ஒரே கை.

“பைண்டர் ஒரே நாள்ல ரெண்டு புத்தகத்தைத் தைச்சிருக்காரு. ரெண்டு சட்டையை ஒண்ணா வெட்டிப் போட்டா, இதோட கை அதுக்குப் போயிடும். நானே ஒருதடவை பண்ணியிருக்கேன். நம்ம கையைப் போட்டுக்கிட்டு இன்னொரு சட்டை எங்கேயோ நடமாடுது, மாமா. அந்தக் கோழிப் புத்தகம் கிடைச்சா, கொலைகாரன் கிடைச்சான்.”

அன்றிலிருந்து அவள் நூலகத் தொலைபேசியை அழைக்காத வாரமில்லை. அடித்து அடித்து ஓய்ந்துபோகும் அந்த மணி, அறிவிப்பு வந்த அன்று இரண்டாம் முறையிலேயே எடுக்கப்பட்டது. நூலகரின் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தொலைந்துபோன உறவினர் பேசியதுபோல் இருந்தது.

“அந்தக் கோழிப் புத்தகம் வெளியில இருக்கும்மா. மூடறதுக்கு முந்தின நாள் ஒருத்தர் எடுத்தாரு.”

“யாரு மேடம் அவரு?”

“யார் எதைப் படிக்கிறாங்கன்னு அடுத்தவங்களுக்குச் சொல்றது எங்க வழக்கம் இல்ல.”

ஏன் தேடுகிறாள் என்பதைத் தையல்காரியும் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை, பக்கம் கழன்ற ஒரு புத்தகத்தை நேர்மையாக நூலகரிடம் காட்டினாள். அது பைண்டரிடம் போய்ப் பதினோரு மாதம் கழித்துத் திரும்பிற்று. இந்த முறை வாயைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, நாத்தனாருடைய புத்தகங்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குத் திறக்கும் நூலகத்தின் வாசலில் அவள் எட்டு மணிக்கே நின்றாள். முதலாவதாக வந்துவிட்டோம் என்று நினைத்தவளுக்கு முன்னால் பத்தொன்பது பேர் இருந்தார்கள். நடைபாதையில் ஆறடிக்கு ஒன்றாக வரைந்திருந்த வெள்ளை வட்டங்களுக்குள், முகக்கவசத்தோடு நின்றவர்களின் கண்கள் எல்லாம் சிரித்தன. ஒருவர் புத்தகங்களைச் சக்கரப் பெட்டியில் உருட்டிவந்திருந்தார். ஒரு பெண் துணி உலர்த்தும் கூடையில் சுமந்துவந்திருந்தாள். “நாலு வாரத்துக்குன்னு எடுத்தது, என் பேத்திக்குப் பல்லே முளைச்சிருச்சு,” என்றார் இன்னொருவர். ஒன்பது அடித்ததும் ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போயிற்று. பழைய காகிதமும் புழுக்கமும் கலந்த அந்த வாசனை, முகக்கவசத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. யாரோ கைதட்டினார்கள். உடனே வரிசை முழுவதும் கைதட்டியது.

வாசலில் கையுறையோடு நூலகர் நின்றார். அவருக்குப் பின்னால், கிழமை எழுதிய அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. வருபவர் புத்தகத்தைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். நூலகர் எண்ணைக் குறித்துக்கொண்டு ‘திங்கள்’ பெட்டியில் போடுவார். வந்தவர் எதிர்ப்பக்க வாயிலால் வெளியேற வேண்டும். திரும்பி வரக்கூடாது.

“புத்தகத்துக்கும் காய்ச்சல் பார்ப்பீங்களா மேடம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு நாள் தனியா இருந்தா தானா சரியாயிடும். உங்களை மாதிரி அடம்பிடிக்காது,” என்றார் நூலகர், தலை நிமிராமல்.

தையல்காரிக்கு அப்போதுதான் தன் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. அந்த நூலகத்தில் பைண்டு செய்த புத்தகங்கள் அனைத்துக்கும் ஒரே சிவப்புத் துணி. ஆறடி தூரத்திலிருந்து கோழி எது, கொலை எது என்று யாரால் சொல்ல முடியும்? வரிசையோ நகர்ந்துகொண்டிருந்தது. வெட்கத்தை மடித்து வைத்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

“யாராவது கோழிப் புத்தகம் வெச்சிருக்கீங்களா?”

“கோழியே வெச்சிருக்கேன், புத்தகம் எதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசை சிரித்தது. அவளுக்கு முன்னால் இரண்டாவது வட்டத்தில் நின்ற தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தோள்பையோடு சுழன்று திரும்பினார்.

“நான் வெச்சிருக்கேன். ஏம்மா, உங்களுக்கும் பாதியில போலீஸ் வந்துட்டாரா?”

தையல்காரி தன் வட்டத்தின் விளிம்புக்கே வந்துவிட்டாள். “அண்ணே, எனக்குப் போலீஸ் இருக்கற இடத்துல கோழி வந்துடுச்சு!”

“அட, அந்தக் கோழி உங்ககிட்டயா போச்சு!” தபால்காரர் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். “ஏழு மாசமா இந்தப் புத்தகத்தை எழுதினவரை நான் திட்டாத திட்டு இல்ல. முட்டையை அடை வெக்கறது வரைக்கும் தங்கமா சொல்றாரு. இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வருது. அடுத்து என்ன பண்ணணும்னு பக்கத்தைத் திருப்பினா, ஒரு ஆளு கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு எல்லாரையும் மிரட்டறாரு! பன்னெண்டு முட்டையில ஒன்பது பொரிச்சுது. தேறினது நாலு. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை இன்னொரு ஈடு பொரிக்கப் போகுது.”

அந்தப் பதினாறு பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஆறடிக்கும் அப்பால் கேட்கும்படி ஒப்பித்தாள். “முதல் வாரம் முப்பத்தஞ்சு டிகிரி! அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கணும். பல்பைக் கயித்துல கட்டித் தொங்க விடுங்க. குஞ்சுங்க பல்புக்குக் கீழ ஒண்ணா அப்பிக்கிட்டா குளிருது, பல்பை இறக்குங்க. ஓரத்துக்கு ஓடினா சுடுது, ஏத்துங்க. பரவலா உட்கார்ந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்!”

“ஐயோ, நான் பல்பை அசைக்கவே இல்லையே!” என்றார் அவர். கண்கள் கலங்கின. “தண்ணி?”

“ஆழமில்லாத தட்டுல. கூழாங்கல்லைப் போட்டு வைங்க, மூழ்காது!”

வரிசையில் நின்ற இருவர் இதைக் குறித்துக்கொண்டார்கள். இதற்குள் தபால்காரர் முதல் வட்டத்தை எட்டிவிட்டார். நன்றி அவருக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. “என் குஞ்சுங்களைக் காப்பாத்திட்டே, தங்கச்சி. நீ எனக்குச் சொன்னே, நான் உனக்குச் சொல்றேன். அந்தத் தோட்டக்காரன்...”

“வேணாம் அண்ணே! சொல்லாதீங்க!”

“தோட்டக்காரன் கையில விலங்கை மாட்டறாங்க பாரு, அங்கதான்...”

“அடுத்தவர்!” என்றார் நூலகர்.

அவள் காதுகளைப் பொத்தினாள். ஆனால், அம்பு பட்ட பிறகு கேடயம் தூக்கி என்ன பயன்? தபால்காரர் புத்தகத்தைப் பலகைமேல் வைத்தார்; அது ‘திங்கள்’ பெட்டிக்குள் விழுந்தது; எதிர்வாயில் வழியாகக் கையசைத்தபடியே அவர் மறைந்தார். தன் முறை வந்தபோது தையல்காரி, அந்தப் புத்தகத்தை வியாழக்கிழமைக்குத் தன் பெயரில் சொல்லிவைத்துவிட்டு, கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

தோட்டக்காரன்! அவனை யாருமே சந்தேகிக்கவில்லையே!

“வந்துடுச்சா?” என்று மாமனார் வாசலிலேயே கேட்டார்.

“வந்துடுச்சு மாமா. வியாழக்கிழமை நமக்குத்தான்.”

“வேற ஏதாவது உண்டா?”

“வேற ஒண்ணும் இல்ல,” என்றாள். சொல்லிய பிறகுதான், தான் சொன்னது பொய் என்பது அவளுக்கே உறைத்தது.

செவ்வாய் முழுவதும் அவள் மதில்மேல் பூனையாக இருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாமனாரின் அறைவரை போவாள். தரையில் இருக்கும் கீறல்களைப் பார்த்துத் திரும்புவாள். இருட்டில் தைத்த இரண்டு சீருடைகளின் காலரைப் பிரித்து மறுபடி தைக்கவேண்டி வந்தது. சொல்லாவிட்டாலும் டாக்டர் என்ற விடையை மாற்றாமல் இருந்துவிட்டால் பாவமில்லை என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிவைத்திருந்தாள். புதன்கிழமை காலையில் நாத்தனார் அதைக் கலைத்தாள்.

“அண்ணி, நாளைக்கு அப்புறம் உங்க மெஷினைச் சமையல்ரூமுக்கு நகர்த்தணுமே, ரெண்டு ஆளுக்குச் சொல்லி வெச்சுடவா? அங்கயும் ஜன்னல் இருக்கு. பக்கத்து வீட்டுச் சுவத்துக்கு என்ன கலர் அடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே தைக்கலாம்.”

அரைமணி கழித்துத் தையல்காரி மாமனாரின் முன்னால் நின்றாள். “மாமா, என் மனுவைத் திருத்தணும்.”

அவர் தகர டப்பாவைத் திறந்து, பழைய சீட்டைக் கிழித்துப் போட்டு, புதிய தாளை நீட்டினார். அவள் எழுதி மடித்ததை வாங்கி, பிரிக்காமலேயே, முதுகில் நாளும் மணியும் குறித்தார். “திருத்தியது, புதன், பத்தரை மணி,” என்று உரக்கச் சொல்லிக்கொண்டு டப்பாவை மூடினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று அவள் பிற்பாடு சாதித்தாள். அது எவ்வளவு உண்மை என்பதை அவள்தான் அறிவாள்.

வியாழக்கிழமை நூலகக் கவுண்டரில், அவளுடைய அட்டை எண் ஒட்டிய காகிதப்பைக்குள், மூன்று நாள் தனிமை முடித்த கோழிப் புத்தகம் காத்திருந்தது. முதுகை வருடிப் பார்த்தாள். அதே நூல், அதே கை. மெல்லத் திறந்து நூற்று நாற்பத்து நான்கைத் தாண்டினாள். மேல் ஓரத்தில் இருநூற்று எழுபத்து மூன்று! அதற்குமேல் ஒரு வரியும் பார்க்காமல் மூடி, வீட்டுக்கு நடந்தாள் என்று சொல்வது முறையாகாது, ஓடினாள்.

அன்று நான்கு மணிவரை யாருக்கும் பொறுக்கவில்லை. நாத்தனார் பிள்ளைகளுக்கு வகுப்புச் சோதனை கொடுத்து உட்காரவைத்தாள். தேநீர் மறந்துபோயிற்று. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிமன்றத்தில் படிப்பதுபோல் நின்றுகொண்டே படித்தார்.

இருநூற்று எழுபத்தைந்தாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தோட்டக்காரனின் கையில் விலங்கை மாட்டினார்.

“தோட்டக்காரனா!” என்று நாத்தனார் எழுந்தே விட்டாள். “அவன் எங்க இதுல வந்தான்?”

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஜன்னல் கைக்கு வந்துவிட்டது. மாமனார் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

தோட்டக்காரன் திமிறினான், விலங்கின் ஓரம் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் பெருகியது. தன்மேல் சந்தேகம் நீங்கிவிட்டது என்று நிம்மதியடைந்த டாக்டர், தாமாகவே முன்வந்து, பெட்டியைத் திறந்து காயத்தைத் தைத்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கடைசித் தையலை முடித்ததும், இறந்தவரின் கோட்டை எடுத்து அந்தக் கைக்கு அருகில் வைத்தார். கோட்டின் உள்பையை யாரோ பிரித்து, எதையோ எடுத்துவிட்டு, மறுபடி தைத்திருந்தார்கள். கோட்டிலும் கையிலும் ஒரே தையல்: ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனி முடிச்சு.

“முடிச்சு!” என்று நாத்தனார் வீறிட்டாள். “அண்ணி, உங்க முடிச்சு! எந்தத் தையல்காரனும் குத்துக்குக் குத்து முடிச்சுப் போட மாட்டான், தோலைத் தைக்கிறவன்தான் போடுவான்னு மூணு மாசமா சொன்னீங்களே! அந்த விலங்கு வெறும் நாடகம்! டாக்டர்தான்!”

கள்ளனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? தையல்காரி தகர டப்பாவையே பார்த்தாள். தன் தொழில் தனக்குக் காட்டிய உண்மையை, வழியில் காதில் விழுந்த அரை வாக்கியத்துக்காகத் தன் கையாலேயே அடித்துவிட்டாள்.

மாமனார் டப்பாவைத் திறந்தார். முதலில் மகளின் சீட்டு: ‘டாக்டர்’.

“நீ இளைய மனைவின்னுதானே சண்டை போட்டே?”

“வாயால சண்டை போட்டேன்ப்பா, காகிதத்துல புத்தியா எழுதினேன். அண்ணி முடிச்சைப் பத்திச் சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுடுச்சு. அதை ஒத்துக்கிட்டா அப்புறம் சண்டைக்கு எங்க போறது?” நாத்தனார் அண்ணியின் தோளை உலுக்கினாள். “என்ன அண்ணி பேசாம இருக்கீங்க? உங்களுதும் டாக்டர்தானே, ஆளுக்குப் பாதி நாள்!”

மாமனார் இரண்டாம் சீட்டைப் பிரித்தார். முதுகிலிருந்த குறிப்பையும் சேர்த்தே படித்தார். “தோட்டக்காரன். திருத்தியது, புதன், பத்தரை மணி.”

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடி அண்ணியைப் பார்த்தாள். “தோட்டக்காரனா? இருநூத்து எழுபத்திரண்டு பக்கத்துல அவன் நாலு செடிக்குத் தண்ணி ஊத்தினதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணலையே! உங்களுக்கு எப்படி...”

“வரிசையில கேட்டேன்,” என்றாள் தையல்காரி. இனி மறைத்துப் பயனில்லை என்பதனால் அல்ல. மறைத்து மறைத்து நான்கு நாளாக நெஞ்சு கனத்துப்போயிருந்தது. தபால்காரர், குஞ்சுகள், விலங்கு, ‘அடுத்தவர்’, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “நானா கேட்கல. ஆனா கேட்டதைச் சொல்லாம விட்டேன். அதை வெச்சு எழுதவும் செஞ்சேன். தப்பு என்னுதுதான்.”

முதலில் சிரித்தது நாத்தனார். சிரிப்பு அடங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அண்ணி, ஏமாத்தறதுக்கும் ஒரு படிப்பு வேணும். கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாளைக்கு நிக்குமாம், உங்களுது பத்துப் பக்கம்கூட நிக்கலையே!”

மாமனார் சிரிக்கவில்லை. தீர்ப்பை நின்றுகொண்டே சொன்னார். “ஜன்னல் மகளுக்கு. பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும். மருமகளுக்குத் தண்டனை ரெண்டு. ஒண்ணு, ரெண்டு புத்தகத்தையும் கொண்டுபோய் லைப்ரரியில குடுத்து, பைண்டிங் மாறினதை மறைக்காம சொல்லணும். ரெண்டு, புத்தகம் பைண்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி, கோழிப் பக்கம் பதினாறையும் அடித்தல் திருத்தல் இல்லாம நகல் எடுத்து அந்தத் தபால்காரருக்குக் குடுக்கணும். குஞ்சுங்க உன் வழக்குக்காகக் காத்துக்கிட்டிருக்காது.”

மூன்று நாள், சமையலறையில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் நகலெடுத்தாள். மூன்று தாள்களை அடித்தல் விழுந்ததற்காக மாமனார் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த அறிவிப்பு வந்தது. திங்கள் முதல் படிப்பறையில் நான்கு நாற்காலிகள். முன்பதிவு செய்தால் ஒருவருக்கு இரண்டு மணி நேரம். இம்முறை கத்தியவள் நாத்தனார். மாமனார் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் முன்பதிவையே முடித்துவிட்டாள்.

“பத்துலேருந்து பன்னெண்டு எனக்கு! ஸ்கூல்ல இருக்கற நோட்டையெல்லாம் எடுத்துட்டுப் போய் அங்க உட்கார்ந்து திருத்துவேன். நாற்காலி, மேசை, ஒருத்தரும் பேச மாட்டாங்க! ஏழு மாசமாச்சு அண்ணி, ஒருத்தரும் பேசாத இடத்தைப் பார்த்து!” பிறகு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “அந்த ரெண்டு மணி நேரமும் ஜன்னல் சும்மாதான் கிடக்கும். சும்மா கிடக்கற இடத்துல ஒரு மெஷின் நின்னா, நான் என்ன கேஸா போடப் போறேன்?”

திங்கட்கிழமை ஜன்னலை மறந்து தையல்காரியும் உடன் கிளம்பினாள். நூலகர் இரண்டு புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“ரெண்டும் பைண்டருக்குப் போகணும். இதை அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கணும் மேடம்.”

“பைண்டர் இப்ப வாரத்துக்கு ஒருதடவை வர்றாரு. ஒரு மாசத்துல வந்துடும். நாவலுக்கு யார் பேரையாவது எழுதணுமா?”

“தபால்காரர் பேரை எழுதுங்க.”

அவர் வெளியே முதல் வட்டத்தில் நின்றிருந்தார். நகல் கட்டை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு அவள் பின்வாங்கினாள். அவர் முன்னேறி எடுத்துக்கொண்டார். அங்கேயே நின்று இரண்டு பக்கம் படித்தார். தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார்.

“தங்கமான எழுத்து! பல்பைக் கயித்துல கட்டிட்டேன். ஒரு முட்டையில மூக்கு வெச்ச மாதிரி விரிசல் தெரியுது. நாளைக்கு வந்துரும்.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். ஏழு மாசமா தூக்கமில்ல. அந்தக் கதையில செத்தது யாரு?”

தையல்காரி வாயைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள். “சொல்ல மாட்டேன் அண்ணே. அரைகுறையாக் கேட்டு நான் பட்டது போதும். பைண்டர்கிட்டேருந்து வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான், எழுதி வெச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். நாப்பதாம் பக்கத்துல ஒரு நாய் குரைக்காம இருக்கும். அதைக் கவனிங்க.”

“நாயா? எந்த நாய்? என் பதினாறு பக்கத்துல நாயே இல்லையேம்மா!”

“அடுத்தவர்!” என்றார் நூலகர்.